வலப்பக்க மரை

செப்டம்பர் 9, திங்கள்

என் புருஷன் கால்தினோ துருப்பிடித்த சைக்கிள் ஃபிரேம் ஒன்றைக் கொண்டுவந்து சமையலறையிலேயே சாய்த்து வைத்துவிட்டான். எஃகு, எழுபதுகளில் எங்கள் ஊர்ப்பக்கம் செய்தது. இதில் பாகங்களைப் பூட்டி, அடுத்த வார ஞாயிறு பழைய சைக்கிள்காரர்களோடு கிராப்பா மலை ஏறப்போகிறானாம். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சமதரையில் ஓட்டலாம் என்றுதான் டாக்டர் சொன்னார்.

“ஓட்டோரினோகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன், நீவெஸ்.”

பெரிய சிநேகிதன்!

செப்டம்பர் 12

பெடல் அச்சைப் பிடித்திருக்கும் வலப்பக்கக் கப் கழலவில்லை. கராஜில் வைத்து எண்ணெய் விட்டான், சூடு காட்டினான், ஸ்பானரில் குழாயை மாட்டி நெம்பினான். அது வராமல் புது அச்சு போட முடியாது. அச்சு இல்லாமல் சைக்கிள் இல்லை.

அவன் குளிக்கப் போனதும் கப்பின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தேன். இங்கிலாந்து அளவு பொறித்திருக்கிறது. எங்கள் ஊர் ஃபிரேமில் இரண்டு பக்கமும் இடமாகத் திருப்பினால் கழலும். இது அந்த நாட்டுக்கு அனுப்பச் செய்தது, வலப்பக்கம் மரை தலைகீழ், வலமாகத் திருப்பினால்தான் கழலும். அவன் கழற்றவில்லை, இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் பட்டறையில் மரை வெட்டினவள் நான், எனக்கா தெரியாது?

வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 13

இன்றும் சொல்லவில்லை. கழலாமலே கிடக்கட்டும்.

செப்டம்பர் 16

ஓட்டோரினோ காபிக்கு வந்தான். கராஜை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. “என்னடா, ஒரு கப்பைக் கழட்டத் துப்பில்ல, நீ மலை ஏறப்போறியா?”

கால்தினோவின் கழுத்து சிவந்துவிட்டது. குழாயைப் பிடித்துத் தொங்கினான். மூச்சு வாங்கியது, உதடு வெளுத்துப்போனது. மலையில் போகுமோ என்று பயந்த உயிர் இங்கேயே போய்விட்டால்? நான் காப்பாற்றுகிறேனா, கொல்கிறேனா?

செப்டம்பர் 18

தாங்கவில்லை. “தள்ளு” என்று ஸ்பானரைப் பிடுங்கினேன். வலமாக, என் முழு கனத்தையும் கொடுத்து அழுத்தினேன். கிறீச்சென்று கழன்றது.

திட்டுவான் என்று நின்றேன். அவன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். முகத்தில் சந்தோஷமே இல்லை.

“இங்கிலாந்து மரைன்னு எனக்குத் தெரியும். வாங்கின அன்னிக்கே பாத்துட்டேன்.”

“அப்புறம் எதுக்குடா இந்தக் கூத்து?”

“பயமா இருக்கு நீவெஸ். பாதி மலையில நெஞ்சு நின்னுட்டா? அதை அவன்கிட்ட எப்படிச் சொல்றது? சைக்கிள் ரெடியாகலன்னா சொல்லிக்கலாம்ல.”

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். ஒரே வீட்டில் இரண்டு கள்ளர்கள்! என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஆனால் நான் மட்டும் சொன்னேனா?

செப்டம்பர் 20

ஓட்டோரினோ போன் பண்ணினான். கால்தினோ என் முகத்தையே பார்த்தான். போனை நான் வாங்கிக்கொண்டேன்.

“வரலப்பா. என்ன பண்ணியும் கழல மாட்டேங்குது.”

“உன் புருஷன் கை அவ்வளவுதான்!”

“ஆமா, அவ்வளவுதான்” என்றேன். கால்தினோ கண்ணை மூடிக்கொண்டான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் சந்தைக்குப் போகும் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஆற்றோரமாகப் போனோம். பாலத்துக்கு முன்னால் சின்ன ஏற்றம். நான் பாட்டுக்கு முன்னால் மிதித்தேன்.

“நீவெஸ், இரு” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “எனக்கு முடியல. இறங்கி உருட்டிக்கிட்டே போகலாமா?”