ஐந்நூறு டாலருக்கு என் கையெழுத்து

குவேக்கர்ஸ் ஹில்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள கண்ணு ஹம்சாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பித்தான் ஆக வேண்டும், மெல்பர்ன் வரை வந்து உன் தட்டை எட்டிப் பார்க்கவா முடியும். தினமும் போனில் பேசுகிறவள் திடீரென்று கடிதம் போடுகிறாளே என்று பயந்துவிடாதே. போனில் நீ என்னை முடிக்க விடுவதில்லை. திங்கட்கிழமை பேங்க் விஷயத்தை ஆரம்பித்ததுமே, "அம்மா, அந்த ஓவர்டிராஃப்ட் எல்லாம் உனக்கு வேண்டாம், என் சேவிங்ஸை உன் அக்கவுண்ட்டோட சேர்த்து விட்டுடறேன், குறைஞ்சா தானா வந்து விழும்" என்று சொல்லி, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். பாசத்தில் சொன்னாய், எனக்குத் தெரியாதா. ஆனால் முடிவை நானே எடுத்துவிட்டேன், கோபப்படாமல் கடைசி வரை படி.

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டு இரஞ்சிதம் அக்கா மகன் கல்யாணம் போன வாரம் சனிக்கிழமை பரமட்டாவில் ஜாம்ஜாம் என்று நடந்தது. இப்போதெல்லாம் மொய்க் கவர் கிடையாது, பத்திரிகையிலேயே ஒரு போன் நம்பர் போட்டுவிடுகிறார்கள், அதற்கு அனுப்பினால் போதும். ஐந்நூறு வைப்பது என்று நானும் அப்பாவும் பேசி வைத்திருந்தோம். என் அக்கவுண்ட்டில் இருந்தது ஐந்நூற்று நாற்பத்திரண்டு டாலர் அறுபது சென்ட். திங்கட்கிழமை கரண்ட் தவணை நாற்பத்திரண்டு டாலர் தானாகப் போகும், வியாழக்கிழமை சம்பளம் வந்துவிடும், கணக்கு கச்சிதம். ஆனால் மொய்யை மொட்டையாக ஐந்நூறு என்று வைக்கக் கை வருமா? பழக்கத்தில் ஐந்நூற்று ஒன்று என்று அழுத்திவிட்டேன். திங்கட்கிழமை கரண்ட்காரன் பார்த்தான், நாற்பது சென்ட் குறைகிறது என்று திரும்பிப் போய்விட்டான். அதற்குத் தண்டம் பதினைந்து டாலர். "உன்ற ஒத்தை டாலர் சாஸ்திரத்துக்குப் பதினஞ்சு டாலரா கல்யாணி" என்று அப்பா இரண்டு நாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பணம் இல்லாததால் திருப்பப்பட்டது என்று என் பேர் போட்டு மெசேஜ் வந்திருக்கிறது கண்ணு, நான் இதுவரை யாரையாவது வெறுங்கையோடு வாசலில் இருந்து திருப்பி அனுப்பியிருக்கிறேனா?

மறுநாள் வேலை முடிந்து, குழந்தைகள் காப்பக ஏப்ரனைக்கூடப் பையில் திணித்துக்கொண்டு நேராகப் பரமட்டா பேங்குக்குப் போனேன். அங்கே ஜஹ்ரா என்று ஒரு இலங்கைப் பெண், முக்காடு போட்ட முகத்தில் அப்படி ஒரு களை. என் தடுமாற்ற இங்கிலீஷைக் கேட்டதும், "அன்ரி, தமிழ்லயே சொல்லுங்க" என்றது. கணினியைத் திருப்பி எனக்கே காட்டியது. நாலு வருஷம், பதினைந்து நாளைக்கு ஒரு சம்பளம், ஒன்றுகூடத் தவறாமல் வரிசையாக நிற்கிறது. நான் அந்தக் குழந்தைகளுக்கு மசித்த உருளைக்கிழங்கு முழுக்க அந்தத் திரையில் ஏறியிருக்கிறது, எனக்கு ஒரே பிரமிப்பு. "ஓவர்டிராஃப்ட் எண்டா, கணக்குல காசு குறையிற நேரம் உங்கட பேர்ல ஐந்நூறு டாலர் வரைக்கும் பேங்க் தரும் அன்ரி. எடுத்துப் பாவிச்சா வட்டி இருக்கு, பாவிக்காட்டி ஒண்டுமில்ல. மாசாமாசம் பாவிக்கிற ஆளெண்டா எடுக்க வேணாம்" என்று ஒளிக்காமல் சொன்னது. பிறகு கேள்விகள். வாடகையில் உங்கள் பங்கு எவ்வளவு, மளிகை எவ்வளவு என்று கேட்டு வந்து, உங்களுக்காக மட்டும் எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று கேட்டது. அம்பத்தொன்பது வயதுக்கு இதுவரை யாரும் கேட்காத கேள்வி. கடைசியில் நான், ஜாமீன் யார் போட வேண்டும், வீட்டுக்காரரைக் கூட்டி வரட்டுமா என்றேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவே இல்லை. மூன்று தரம் கேட்ட பிறகு, "ஏன் அன்ரி? உங்கட கணக்கு, உங்கட சம்பளம். உங்கட கையெழுத்து மட்டும் போதும்" என்றது.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இத்தனை வருஷம் சொல்லவில்லை. நீ கோயம்புத்தூரில் நர்சிங் சேர்ந்தபோது அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. படிப்புக் கடனுக்குப் பேங்க் போனோம். ஹாஸ்டலில் பதினொரு வருஷம் சமைத்த என் சம்பளச் சீட்டை நீட்டினேன். அந்த மேனேஜர் பிரித்துக்கூடப் பார்க்காமல், "இதெல்லாம் கணக்குல வராதுங்க, வேற ஆள் கையெழுத்து கொண்டாங்க" என்று தள்ளி வைத்தார். உன் பெரியப்பா வீட்டுக்கு நாலு தடவை நடந்தோம். விருந்துக்குப் போகிறோம் என்றுதான் உன்னிடம் சொன்னோம். நாலாவது தடவை உட்காரக்கூடச் சொல்லாமல், கார் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார், "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இத்தனை படிப்பு" என்று சொல்லிக்கொண்டே. அப்பா தலையைக் குனிந்து நின்றார். அவமானத்தைவிட, நான் உழைத்தது உனக்கு உதவாமல் போயிற்றே என்றுதான் எனக்கு வலித்தது.

அதனால் பரமட்டாவில் அந்தக் காகிதத்தில் என் பேருக்கு நேரே மட்டும் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்ததைப் பார்த்து, வேறு யார் பேராவது இருக்கிறதா என்று பின்பக்கமும் புரட்டிப் பார்த்தேன். ஜஹ்ரா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தது. அப்பாவுக்குப் போன் போட்டேன். "இல்லாத காசைச் செலவு பண்றதுக்கு வட்டி வேற கட்டோணுமா, வேண்டாம் வா" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இருக்கிறதே என்று எடுத்து எடுத்துச் செலவழித்தால் குழிதான். நீ சொன்னபடி உன் சேமிப்போடு சேர்த்தால் வட்டியே இல்லை, அதுவும் தெரியும். ஆனால் அது நீ நைட் டியூட்டி பார்த்து, ட்ருகனினாவில் வாங்கப்போகிற வீட்டுக்குச் சேர்க்கிற காசு. என் அஜாக்கிரதைக்கு அதில் இருந்து தானாக ஒழுகுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாற்பது சென்ட் மாதிரித் தடுக்கலுக்கு மட்டும்தான் தொடுவேன், இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் தொட்டால் நானே போன் செய்து நிறுத்திவிடுவேன், அப்பாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வெளியே வந்து ஸ்டேஷனில் உட்கார்ந்தவள் இரண்டு ரயிலை விட்டுவிட்டேன். அழவில்லை. அதிசயமாக இருந்தது, அவ்வளவுதான்.

குளிர் ஆரம்பித்துவிட்டது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்தால் சொல். நீ நினைத்தபடி வீடு அமைந்து, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று: அந்த வீட்டுக் கடனுக்கு உன்னிடம் பேங்கில் ஜாமீன் கையெழுத்துக் கேட்டால், பெரியப்பா பிள்ளைகளுக்கோ வேறு யாருக்கோ போன் போடாதே. முதலில் என்னைக் கேள். என் சம்பளம் அதற்குப் போதுமா போதாதா என்று அவர்கள் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். இந்தத் தடவை என் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
ஈ. கல்யாணி