வாங்குங்க, சாப்பிடாதீங்க

பிப்ரவரி 28, சனி

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. சேக்காடு முழுக்கப் பழைய பேப்பர் வேட்டை. நான், பிரசாந்த், கடன் வாங்கிய ஒரு தள்ளுவண்டி. பிரசாந்த் என் வகுப்பு, அண்ணனூர்க்காரன். வண்டியைத் தள்ளுவதைவிட வாயை ஓட்டுவது அதிகம். எல்லா வாசலிலும் அதே டயலாக்: "எக்கா, இலங்கைல மலை சரிஞ்சு எஸ்டேட் ஊடெல்லாம் பூட்ச்சு. காலேஜ்லேந்து நாங்க போயி வேலை செய்யப் போறோம். பேப்பர் கீதா?"

மூன்றாம் மாடியில் ஒரு அக்கா, ஐ.டி. வேலை, பேச்சில் திருநெல்வேலி. பேப்பரே வாங்குவதில்லை என்று கதவைச் சாத்தினார். நாங்கள் படி இறங்குவதற்குள் மறுபடி திறந்து, ஆன்லைனில் வாங்கிய அட்டைப்பெட்டிகளை மலைபோல் கொண்டுவந்து போட்டார். "ஏட்டி, மூஞ்சி செவந்து கெடக்கு, இரி." ஆளுக்கு ஒரு டம்ளர் மோர். பெயர் கேட்க மறந்துவிட்டேன். நல்லா இருக்கட்டும்.

நிலவரம்: போவது எட்டுப் பேர், ஏற்பாடு எங்கள் வகுப்பு மேடம். மே மாதம், பரீட்சை முடிந்ததும். ஆறு பேருக்கு டிக்கெட் செலவு தேறிவிட்டது. பாக்கி நானும் பிரசாந்தும். "நாங்க கடைசியா பாத்துக்கறோம் மேடம்" என்று வீரமாகக் கை தூக்கியது யார்? நான்தான். வாய்க்கொழுப்பு.

அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "அம்மா சொன்னா சரி" என்று டி.வி.யைப் பார்த்தபடி பதில். இந்த வீட்டில் அப்பா ஒரு வாக்காளர் மட்டும்.

மார்ச் 1, ஞாயிறு

மாதா கோயிலில் காலைப் பூசை. தவக்காலம், ஈஸ்டர் வரை பலிபீடத்தில் பூ இல்லை. முடிந்து வெளியே வந்தால் ஃபிலோ ஆன்ட்டி வழியை மறித்தார். எங்கள் தெருக்கோடி வீடு. ஊரில் யார் எங்கே போனாலும் ஏன் என்று கேட்கும் பொறுப்பு அவருடையது.

"எட்டு டிக்கெட்டு காச அப்படியே அவங்களுக்கு அனுப்பிட்டா என்னடி? நீங்க போயி என்னத்த கிழிக்கப் போறீங்க?"

கோபம் சுர்ரென்று ஏறியது. ஏனென்றால் கேள்வி நியாயமானது. கடைசியில் யோகேஸ்வரி டீச்சருக்கே வாய்ஸ் அனுப்பிக் கேட்டுவிட்டேன். நாங்கள் போகப்போகும் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர். மேடம் மூலமாகப் பழக்கம். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்: நாங்க வரணுமா, காசு அனுப்பணுமா?

ராத்திரி பதில். பின்னால் மழைச் சத்தம்.

"வாங்க புள்ள. முந்தி லொறி லொறியா சாமான் வந்திச்சு. எறக்கிட்டு, போட்டோ புடிச்சிட்டு போயிட்டாங்க. இப்ப ஒருத்தரும் வாறதில்ல. பிள்ளைங்க இன்னும் ஸ்கூல் மண்டபத்துலதான் படுக்குதுங்க. மழை பேஞ்சா தூங்குறதில்ல. அதுகளோட உக்காந்து சிரிக்க ஆள் வேணும். நாப்பது பிள்ளைக்கு சமைக்க ஆள் வேணும். காசு இருந்தா அதையும் கொண்டு வாங்களேன், வேணாங்கல."

மூன்று தடவை கேட்டேன். போகணும். எப்படியாவது போகணும்.

மார்ச் 2, திங்கள்

அம்மாவுக்கும் டீச்சர் வாய்ஸைப் போட்டுக் காட்டினேன். கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல் கம்பெனி சூப்பர்வைசர். முகத்தில் ஒன்றும் தெரியாது.

"மலை சரியற எடம். பொட்டப்புள்ள. நீ இதுவரைக்கும் வேளாங்கண்ணி தாண்டிப் போனதில்ல."

"அதுக்குத்தான்மா போறேன்."

"வாயப் பாரு." குழம்பைக் கிளறினாள். பிறகு: "வெள்ளிக்கிழமை என்னமோ பிரியாணி விக்கறியாமே. நீ கை வச்சு செஞ்ச வேலைல உன் செலவு வரட்டும். வித்துச்சுன்னா பாக்கலாம். விக்கலன்னா ஒழுங்கா ஊட்டுல இரு."

பாக்கலாம்! அம்மா அகராதியில் இது முக்கால் சம்மதம். அவள் கையைப் பிடித்துச் சுற்றினேன். அடி விழுந்தது.

மார்ச் 4, புதன்

பூந்தமல்லி. 65-ம் நம்பர் பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தோம். பாஷா பாய் வீடு. பிரசாந்தின் அக்கா கல்யாணத்துக்குப் பிரியாணி போட்டவர். நோன்பு மாதம், நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு மட்டும் டீ வரவழைத்தார். அவர் முன்னால் குடிக்கக் கூச்சம். பாவம், தண்ணீர்கூட இல்லாமல்! மனசுக்குள் ரொம்பப் பரிதாபப்பட்டேன். (வெள்ளி ராத்திரி சேர்த்தது: இந்த வரியை அடிக்கோடிடுகிறேன். ஏன் என்று வெள்ளிக்கிழமைப் பக்கத்தில்.)

கூலி என்ன என்றோம். "நோன்புல நல்ல காரியத்துக்கு வந்துகீறீங்கோ. கூலி இன்னாத்துக்கு? சிக்கன், அரிசி மட்டும் வாங்கிக் குடுங்க. தேக்சா, வெறகு, நானு எல்லாம் ஒரே வண்டில வந்துடுவோம்." பேச்சு முடிந்தது. இவ்வளவுதானா என்று எங்களுக்கே சந்தேகம்.

வாங்க: வாழை இலை, நூல், வெங்காயம் (உரிக்க பிரசாந்த்), எலுமிச்சை, தயிர், பேனர் வேண்டாம் போஸ்டர் போதும்.

போஸ்டரில் "முதல் வெள்ளி – கோயில் மைதானம் – பிரியாணி" என்று பெரிய எழுத்து. மாதத்தின் முதல் வெள்ளி மாலைப் பூசைக்குத்தான் கூட்டம் முட்டும். ஜனவரியிலேயே யோசித்து ஃபாதரிடம் அனுமதி வாங்கியது நான். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

சிரிப்பு வருகிறது, எங்கிருந்து தொடங்க?

இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டினார் பாய். இரண்டு தேக்சா, ஒவ்வொன்றும் பெரிய அண்டா. நாலரைக்கு மைதானம் முழுக்க மணம். பாய் மூடியைத் திறந்து, அகப்பையில் கொஞ்சம் மசாலாத் தண்ணி எடுத்து நீட்டினார். "நான் வாயில வைக்க முடியாது, நோன்பு. உப்பு பாத்து சொல்லும்மா."

வாய் வரைக்கும் கொண்டுபோனேன். அப்போதுதான் தலையில் இடி.

வெள்ளி. இன்று வெள்ளி. தவக்காலத்து வெள்ளி.

கத்தோலிக்க வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை கறி வாசனையே ஆகாது என்று. எனக்குத் தவக்காலமும் தெரியும், வெள்ளியும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. கோயில் வாசலில், இரண்டு தேக்சா கோழி!

"இன்னாடி, பேயறஞ்ச மாதிரி கீற?" என்றான் பிரசாந்த். சொன்னேன். அவனுக்குப் புரிய ஒரு நிமிடம். "அப்டீன்னா ஒர்த்தரும் துன்ன மாட்டாங்களா?" ஒருத்தரும். "செத்தோம் மாமே" என்று வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். பாய் மட்டும் பதறவில்லை. "இப்ப அத்த வுடு. உப்ப யாரு பாக்கறது?"

பாய்க்கு நோன்பு. எனக்கு வெள்ளி. பாக்கி பிரசாந்த்தான், அவனுக்கு மூன்று நாளாக ஜலதோஷம். ஒரு வாய் வைத்து, கட்டைவிரலை உயர்த்தினான். "பட்டாசு பாய்."

ஃபாதர் அறைக்கு ஓடினேன். அழுதேவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "காய்கறி பிரியாணின்னுல்லம்மா நினைச்சேன்?" அப்புறம் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "போ, பூசைக்கு வா. பாத்துக்கலாம்."

பூசையில் மனசு நிற்கவில்லை. ஜன்னல் வழியே மணம் உள்ளேயே வந்துவிட்டது. முன் வரிசையில் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை! அவளும் காய்கறி என்றுதான் நினைத்திருக்கிறாள். முக்கால் சம்மதம் கால் ஆகி, காலும் போனது என்று நினைத்தேன்.

முடிவில் ஃபாதர் மைக்கைப் பிடித்தார். "ஒரு மணி நேரமா நம்ம எல்லாரையும் ஒரு வாசனை சோதிச்சிக்கிட்டிருக்கு. நம்ம பிள்ளைங்கதான், தெரியாம செஞ்சிட்டாங்க. தவக்காலத்துல ஒரு வேளை உணவை ஒறுத்து, அந்தக் காசை இல்லாதவங்களுக்குக் குடுக்கணும்னு வருஷா வருஷம் நான் கத்தறேன். இன்னைக்கு வசதியா வாசல்லயே வச்சிருக்காங்க. வாங்குங்க, சாப்பிடாதீங்க."

கோயிலே சிரித்தது. நான் தூணுக்குப் பின்னால்.

முதல் ஆளாக மேஜைக்கு வந்தது யார் தெரியுமா? ஃபிலோ ஆன்ட்டி. "அஞ்சு." பணத்தை வைத்தார், பொட்டலத்தைத் தொடவில்லை. "பசியா இருக்கறவன் யாருக்காவது குடு." நகர்ந்தவர் திரும்பி வந்தார். "அங்க போயி அந்தப் புள்ளைங்க தலைய கொஞ்சம் தடவிக்குடு. நான் சொன்னேன்னு." அவர் வைத்த பணத்தை இரண்டு தடவை எண்ணினேன்.

பிறகு வரிசை. வாங்கினார்கள், எடுக்கவில்லை. ஒரு அங்கிள் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோய், பெருமூச்சு விட்டு, திருப்பி வைத்தார். அம்மாவும் வரிசையில் நின்றாள். பணம் வைத்து, அவள் மட்டும் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள். குப்பையில் போடப்போகிறாள் என்று நினைத்தேன்.

பொட்டலங்கள் அத்தனையும் மிச்சம்! பாய் வண்டியில் பாதி, அவர் தெருவுக்கு, நோன்பு திறந்தவர்களுக்கு. மீதி ஆவடி ஸ்டேஷன் வாசலிலும், அண்ணனூர் ரயில் ஷெட்டில் நைட் ஷிஃப்ட்டுக்கும். பிரசாந்தின் அப்பா வேலை பார்க்கும் இடம். கொடுத்துவிட்டு அவன் போன்: "எலைய வயிச்சுத் துன்னாங்கடி. இன்னும் கீதான்றாங்க." பாயும் போன்: "அருமை, எல்லாரும் துவா பண்ணாங்கம்மா."

எங்கள் இரண்டு பேர் டிக்கெட்டும் தேறிவிட்டது. மேடத்துக்குச் சொல்லியாயிற்று. எனக்கு இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரிகிறது. யாருக்கு முதலில் நன்றி சொல்வது? அம்மா தூங்கிவிட்டாள். அல்லது தூங்குவதுபோல்.

மார்ச் 7, சனி

எழுந்தபோது நல்ல வெளிச்சம். முடியெல்லாம் விறகுப் புகை. அடுக்களையில் பிரியாணி வாசனை. இது என்ன கனவா என்று போய்ப் பார்த்தால், அம்மா நேற்றுப் பொட்டலத்தைத் தோசைக்கல்லில் இலையோடு வைத்துச் சூடு பண்ணிக்கொண்டிருக்கிறாள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்திருக்கிறாள்.

"இன்னைக்கு சனி. சாப்புடலாம். உக்காரு."

ஒரு வாய் வைத்தேன்.

உப்பு இல்லை. குறைவு என்றில்லை, சுத்தமாக இல்லை. பாய் உப்புப் போடவே மறந்துவிட்டார் போல. பிரசாந்தையும் அவன் மூக்கையும் திட்டிக்கொண்டே நினைத்துப் பார்த்தேன். ஷெட்டில் அத்தனை பேர் சாப்பிட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் சாப்பிட்டார்கள். பாய் தெரு முழுக்கச் சாப்பிட்டது, பாயே சாப்பிட்டார். அருமை என்றார். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, உப்பு இல்லை என்று சொல்லவில்லை.

அழுகை வந்துவிட்டது. அம்மா எதிரே உட்கார்ந்து, அதே தட்டில் கை வைத்து, அவளும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். கண்ணீர் விழுந்த பக்கம் கொஞ்சம் தேவலை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த பழைய ஸ்வெட்டரை என் மடியில் போட்டாள். அவளுடையது, மெரூன் கலர்.

"அங்க மே மாசத்துலயும் குளிருமாம்."

"யாரும்மா சொன்னா?"

"டீச்சர். நீ குளிக்கறப்ப உன் போன்லேந்து பேசிட்டேன். நாலு நாளாச்சு. நல்ல பொம்பள."

நாலு நாளாக! வெள்ளிக்கிழமை விற்பதற்கு முன்பே! நான் வாயைத் திறப்பதற்குள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள். சாயந்திரம் சீக்கிரம் கிளம்பணும், பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணும், ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லணும் என்றாள். நீ என்னம்மா பாவம் பண்ண என்று கேட்டேன்.

"உங்க பொண்ணுக்கு சமைக்க வருமான்னு டீச்சர் கேட்டாங்க. நல்லா வரும்னு சொல்லிட்டேன்."