360 ரேடியேட்டர்

புரட்டாசி 18, வெள்ளி

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வடிவமைக்கிற என் கம்ப்யூட்டர் எந்நேரமும் இரைகிறது. அந்த இரைச்சலைச் சொல்லித்தான் சென்னையிலிருக்கும் மகள் தினமும் போனைச் சீக்கிரம் வைத்துவிடுகிறாள். கம்ப்யூட்டரின் சூட்டைத் தண்ணீர் ஓடவிட்டு இறக்கும் ரேடியேட்டர் பெரிதாக இருந்தால் விசிறிகள் மெதுவாகச் சுற்றினாலே தண்ணீர் ஆறிவிடும், சத்தமும் இராது. அதனால்தான் 360 மில்லிமீட்டரில் ஒன்று வாங்கினேன்.

இன்று மாட்டப் பார்த்தால் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நுழையவில்லை. 360 என்பது மூன்று விசிறிகளின் நீளம் மட்டும். ரேடியேட்டர் அதையும் தாண்டி இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு லேபிளுக்கும் கட்டிங்கில் வெட்டுப்படுவதற்கென்று ஓரத்தில் கூடுதல் இடம் விட்டே பழகிய கை, இதற்கு விடவில்லை. புத்தி கெட்டவன். பழையதையே திரும்ப மாட்டினேன்.

சாயங்காலம் அவள் அழைத்தாள்.

“ஒண்ணும் கேக்கலப்பா. சாப்பிட்டீகளா? வச்சிரவா?”

சீசன் நெருக்கடியில் இதுவரை செய்யாததைச் செய்தேன். கம்ப்யூட்டரையே அணைத்தேன்.

“அணைச்சிட்டேம்மா. இப்பப் பேசு.”

“ஆர்டர் வேலை என்னாகும்?”

“அது கெடக்கட்டும்.”

“ம். வேற என்னப்பா?”

எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவள் அறையில் மின்விசிறி சுற்றுவது இங்கே தெளிவாகக் கேட்டது.