தொடாதே என்று சொன்ன பூ

சிட்டுக்குட்டி,

நலமா என்று எழுதிவிட்டு, காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் மூன்று மாதமானது நினைவு வந்து அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் வேலை செய்யும் இந்த வீட்டிலிருந்து அனுப்பிய விதையை நம் ஊரில் தூவிப் பூச்செடி வளர்த்தாய். "அம்மா, ஒண்ணே ஒண்ணு பறிச்சு டம்ளர்ல வச்சுக்கட்டுமா?" என்று போனில் கேட்டாய். "நான் வந்து பாக்குற வரைக்கும் தொடாதே" என்றேன். நீயும் தொடவில்லை. செடிகள் சீக்கிரமே பூப்பதை நிறுத்திவிட்டன.

நேற்று இங்கே தோட்டக்காரர் அதே செடியின் பூக்களை வெட்டச் சொல்லிக் கத்தரிக்கோலைக் கொடுத்தார். நான் தயங்கி நின்றேன். "வெட்டும்மா, என்ன யோசனை? வெட்ட வெட்டத்தான் பூக்கும். செடியிலேயே விட்டா விதை கட்டி ஓஞ்சிடும்" என்றார்.

எனக்கு இது தெரியாமல் போச்சே, கண்ணு.

மிச்ச விதையை அனுப்பச் சொல்லி அப்பாவுக்கு எழுதுகிறேன். என் ஜன்னலில் ஒரு தொட்டிக்கு இடமிருக்கிறது. முதலாளியம்மா கூப்பிடுகிறார். அன்றைக்கு நீ கேட்டது எந்த நிறப் பூ?