பக்கத்து இருக்கையின் பிரேக்

மார்ச் 3, திங்கள்

காலை ஏழு மணிக்குக் கார் ஓட்டக் கற்க வரவேண்டியவர் வரவில்லை. கால் சுளுக்காம். போன வாரம் தலைவலி, அதற்கு முந்தைய வாரம் மாமியார் வருகை. பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் என்ன கடித்தா தின்றுவிடப் போகிறேன்?

மதியம் அண்ணன் போன் செய்தான். கார் வாங்கியதில் பாதி அவன் போட்டது. எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தான். "இந்த மாசக் கடைசிக்குள்ள பன்னெண்டு பேர் சேந்துட்டா கவலையே இல்லம்மா. இல்லேன்னா பாரு, உங்க அண்ணியோட தம்பி ஒரு கார் தேடிட்டு இருக்கான்."

இப்போது என்னிடம் கற்றுக்கொள்பவர்கள் மூன்று பேர். அதில் ஒருவருக்குக் கால் சுளுக்கு.

மார்ச் 5, புதன்

விளம்பர ஏஜென்சிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டாவது மாடி, லிப்ட் இல்லை. பேசிய ஆள் போட்ட வாய்ப்பந்தலின் கீழ் ஊரே வந்து உட்காரலாம். "மேடம், யாரு போன்ல 'டிரைவிங் கத்துக்கணும்'னு தேடினாலும் மொதல்ல நீங்கதான் வருவீங்க. ரெண்டே வாரம், போன் எடுத்தே கை ஓஞ்சுடும்." அவர் பெயரே எனக்கு இனிமேல் வாய்ப்பந்தல்தான்.

மூலையில் கணினி முன்னால் இருந்த பெண் மட்டும், "மொதல்ல என்ன தேடுறாங்கன்னு பாத்துட்டு..." என்று இழுத்தாள். அவர் கையமர்த்திவிட்டார். அந்தப் பெண்தான் என் விளம்பரத்தைக் கவனித்துக்கொள்வாளாம்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். இருபது வருடமாக அதே இரண்டு சொல்.

மார்ச் 7, வெள்ளி

வருகிறது! காலை ஆறு மணிக்குத் தேடிப் பார்த்தேன். முதலில் என் பள்ளிதான். 'பெண்களுக்குப் பெண்ணே கற்றுத் தரும் கார் ஓட்டும் பயிற்சி.' தட்டினால் என் காரின் படம். கதவோரம் நான் எருமை மாதிரி நிற்கிறேன், பரவாயில்லை. மறுபடி தட்டிப் பார்த்தேன். குடும்பக் குழுவுக்கும் அனுப்பினேன்.

அண்ணன் கட்டைவிரல் படமாக ஆறு அனுப்பினான். "நீ கவலைப்படாத, நாங்கல்லாம் இருக்கோம்."

மார்ச் 10, திங்கள்

ஒரு அழைப்புகூட இல்லை. ஆறு மணிக்குப் பார்த்தேன், வருகிறது. ஏழரைக்கு வருகிறது. வகுப்பு முடிந்து பதினொரு மணிக்குப் பார்த்தால் இல்லை! கீழே வரை தேய்த்துப் பார்த்தேன், யார் யாரோ வருகிறார்கள், நான் இல்லை. மாலையிலும் இல்லை. ஏமாற்றுகிறார்களா? நான் பார்க்கும் நேரம் மட்டும் காட்டுகிறார்களா?

இன்று ஓட்டியவர் ரவுண்டானாவில் கேட்டார்: "மேடம், போனையே பாத்துட்டு இருக்கீங்களே, நான் திரும்பட்டா வேணாமா?" வெட்கமாகப் போய்விட்டது.

மார்ச் 12, புதன்

ஒரு வழியாக ஒரு போன். குரல் மெதுவாக இருந்தது. அந்த அம்மாவுக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஐந்து வருடமாகப் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறதாம். வீட்டில் காரும் நிற்கிறது. "எங்க கார்லயே வந்து சொல்லித் தருவீங்களா?"

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. அது இல்லாமல் எவளோ ஒருத்தி பக்கத்தில் போய் உட்கார நான் என்ன உயிரை வாடகைக்கா விட்டிருக்கிறேன்?

மார்ச் 15, சனி

இன்று இரண்டு போன். இரண்டு பேரும் அதே கேள்விதான்: "சொந்தக் கார்ல?" என்ன ஆட்களைப் பிடித்து அனுப்புகிறார்கள் இந்த ஏஜென்சிக்காரர்கள்! மாசக் கடைசிக்குப் பதினாறு நாள்.

மார்ச் 18, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. விளம்பரத்தைத் தட்டியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. பக்கத்தில் பச்சை அம்புக்குறி, 'சிறப்பான முன்னேற்றம்' என்று வேறு. நானூறு பேர் வந்து பார்த்திருக்கிறார்கள், ஒருத்தி சேரவில்லை!

போனில் வாய்ப்பந்தலைப் பிடி பிடி என்று பிடித்தேன். "யாரு கண்ண கட்டுறீங்க? அம்பு வரைஞ்சு அனுப்பினா நான் கைதட்டணுமா? நாளைக்கு வந்து கணக்க முடிச்சுக்கறேன்" — இன்னும் என்னென்னவோ சொன்னேன். நடுத்தெருவில் காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டுக் கத்தினேன். ஓட்டிக்கொண்டிருந்த அம்மா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். அவரும் நாளைக்குக் கால் சுளுக்கு என்று சொல்லக்கூடும்.

மார்ச் 19, புதன்

நான் போவதற்குள் அந்தக் கணினிப் பெண்ணே வந்துவிட்டாள். காரில் உட்கார்ந்தே பேசினோம். அவள் ஓட்டுநர் இருக்கையில், நான் என் இடத்தில்.

"அக்கா, தட்டினது யாருன்னு பாப்போமா?" என்று ஒரு வரைபடத்தைத் திறந்தாள். தினமும் காலை ஒன்பதரையிலிருந்து பத்துக்குள் ஒரே பகுதியிலிருந்து குவிந்திருக்கிறது. அண்ணனுடைய ஆபீஸ் இருக்கும் பகுதி. ஆறு மணிக்கு இன்னொரு பகுதியிலிருந்து நாலு, ஏழரைக்கு மூன்று.

"இது யாருக்கா? விடியக்காலைல தெனமும் டிரைவிங் கத்துக்கத் துடிக்கிறாங்களே."

நான்தான்.

ஒவ்வொரு தட்டலுக்கும் காசாம். அன்றைக்கென்று வைத்த பணம் தீர்ந்ததும் விளம்பரம் அணைந்துவிடுமாம். உண்மையாகத் தேடும் பெண்கள் வீட்டு வேலை முடித்துப் போனை எடுக்கும் நேரத்தில் நான் அங்கே இல்லவே இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டிருக்கிறேன், பன்னிரண்டு நாளாக, எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல்.

"எனக்கு மொத வாரமே தெரிஞ்சிருக்கணும்க்கா. சார்கிட்ட சந்தேகமா இருக்குன்னு சொன்னேன். நம்பர் நல்லாருக்கு, அப்படியே அனுப்புன்னுட்டாரு" என்றாள். நேற்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

கிளம்பும் முன் இன்னொன்று சொன்னாள். அழைப்புகள் அவர்கள் வழியாக வருவதால் பதிவாகிறதாம். இதுவரை ஏழு. "அதுல அஞ்சு பேர் ஒரே விஷயம்தான்க்கா கேட்டாங்க. அஞ்சு பேரையும் நீங்கதான் வேணாம்னு வெச்சுட்டீங்க."

மார்ச் 20, வியாழன்

அண்ணனிடம் எப்படிச் சொல்வது? அண்ணியிடம் விசாரித்தேன்: ஆபீஸில் டீ நேரத்தில் அவன் பிரிவு மொத்தத்தையும் உட்கார வைத்துத் தட்ட வைத்திருக்கிறான். பத்தொன்பது பேர். லீவு போட்டவருக்குக்கூடப் போன் செய்து ஞாபகப்படுத்தினானாம்.

சொன்னேன். "உனக்கு நல்லதுன்னு நெனச்சுதாம்மா..." என்றான். அவன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. விடுண்ணே, நானும்தான் தட்டினேன் என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

மார்ச் 21, வெள்ளி

இன்று தேடிப் பார்க்கவில்லை. கை நமநமவென்கிறது.

மார்ச் 24, திங்கள்

ஐந்து பேர் என்று அவள் சொன்னது மண்டையைக் குடைகிறது. எனக்கு வேண்டாதவர்கள் என்று தள்ளினேனே, அவர்கள்தானே காசு கொடுக்கத் தயாராக வந்தவர்கள்? கார் வைத்திருக்கிறார்கள், லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள், தைரியம் ஒன்றுதான் இல்லை. எனக்கு மட்டும் இருக்கிறதா?

பீரோ லைசென்ஸ் அம்மாவைக் கூப்பிட்டேன். "வரமாட்டேன்னீங்களே?" என்றார். வருகிறேன் என்றேன்.

மார்ச் 26, புதன்

முதல் சொந்தக் கார் வகுப்பு. பெரிய வெள்ளைக் கார். எனக்கு வியர்த்த வியர்வையைப் பார்த்து அந்த அம்மா ஏசியைக் கூட்டினார். தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. என் வலது கால் வெறும் மிதியடியை ஓங்கி மிதித்தது. கை ஹேண்ட் பிரேக்குக்குப் போவதற்குள் அவரே நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். "சரியா மேடம்?"

யோசித்துப் பார்க்கிறேன். என் காரில் படித்தவர்களில் எத்தனை பேர் தாங்களே பிரேக் போட்டிருப்பார்கள்? அவர்கள் கால் அசைவதற்கு முன்பே நான் மிதித்துவிடுவேன். பிறகு இவர்களுக்குப் பயம் போகவில்லையே என்று சலித்துக்கொள்வேன்.

மார்ச் 31, திங்கள்

கடைசி நாள். பன்னிரண்டு இல்லை, ஏழு. ஏழில் நாலு சொந்தக் கார். இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன்.

அண்ணன் போன் செய்து அவசர அவசரமாக, "இன்னும் ரெண்டு மாசம் பாப்பம்மா, நான் ஒண்ணும் சொல்லல" என்றான். குற்ற உணர்ச்சியில் சொல்கிறான் என்று தெரியாதா எனக்கு? அந்த இரண்டு மாதத்தை வாங்கிக்கொள்ள நாக்கு துடித்தது.

"வேணாம்ணே. அண்ணி தம்பியைக் காரை வந்து பாக்கச் சொல்லு" என்றேன்.

இவரிடம் சொன்னேன். 'உன் இஷ்டம்' வரும் என்று காத்திருந்தேன். "அந்தக் கார் மேல அவ்ளோ ஆசையா இருந்தியே" என்றார்.

ஏப்ரல் 5, சனி

கார் போய்விட்டது. இரண்டாவது பிரேக்கைக் கழற்றித்தான் எடுத்துப் போனார்கள், அவர்களுக்கு அது இடைஞ்சலாம். கணினிப் பெண் விளம்பரத்தை மாற்றிவிட்டாள்: 'லைசென்ஸ் இருந்தும் பயமா? உங்கள் காரிலேயே வந்து கற்றுத் தருகிறோம்.' என் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

போன் அடிக்கிறது. எழுத நேரமில்லை.

ஏப்ரல் 23, புதன்

பீரோ லைசென்ஸ் அம்மாவுக்கு இன்று கடைசி வகுப்பு. பாதையை நீங்களே சொல்லுங்கள் என்றேன். தன் ஆபீஸுக்குப் போகிறேன் என்றார். பதினாலு வருடமாக நின்றுகொண்டே பஸ்ஸில் போன ஆபீஸ். பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்பினார், பின்னால் லாரி ஹாரன் அடித்தபோதும் என் பக்கம் திரும்பவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை, எனக்கே ஆச்சரியம். வளாகத்துக்குள் இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸில் நிறுத்தினார். இறங்கிக் கைப்பையை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போக நாலடி வைத்தவர் திடீரென்று திரும்பினார்.

"அய்யய்யோ மேடம், நீங்க எப்படிப் போவீங்க? சாயங்காலம் நானே ஓட்டிட்டுப் போயிடுவேனே!"

காவலாளியிடம் வழி கேட்டு, இரண்டு பஸ் மாறி அடுத்த வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். கால் மணி நேரம் தாமதம். திட்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே தெருமுனை திரும்பினால், அந்த வீட்டு அம்மா அதற்குள் காரைத் தானே வெளியே எடுத்து வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்.