பொங்கலுக்கு வெள்ளையடித்த தொட்டி

உத்திரமேரூர்
தை 15, செவ்வாய்

அன்பு மகள் அம்முலுவுக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்கிறோம், கௌஹாத்தியில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இவ்வளவு எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து போய் வந்துவிட்டேன். கழனிக்குப் போய் மடையைப் பார்த்தேன், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, நவரை நெல் நட்டாயிற்று. வந்து மாட்டை இடம் மாற்றிக் கட்டினேன். இன்னாத்துக்கு இப்பிடி அலஞ்சிக்கினு கீற, எழுதறத எழுதிட்டு ஒக்காரு என்று அம்மா கத்துகிறாள். எழுதிவிடுகிறேன். உன் மீன் செவலை செத்துப்போய்விட்டது அம்முலு. என்னால்தான்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது காஞ்சிபுரத்துக் கடையில் கவரில் வாங்கி வந்த சுண்டுவிரல் நீளக் குஞ்சு, ஒரு முழம் வளர்ந்து, சொம்பால் தொட்டியைத் தட்டினால் வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்கும். வருஷா வருஷம் போகிக்குத் தொட்டியின் வெளிப்பக்கம் மட்டும்தான் வெள்ளையடிப்பேன். இந்த வருஷம், பொங்கலன்று நீ போனில் பார்ப்பாயே, பளிச்சென்று இருக்கட்டும் என்று பாசியைச் சுரண்டி உள்ளேயும் இரண்டு பூச்சு அடித்தேன். அதுவரை மீனை அண்டாவில் விட்டிருந்தேன். பொங்கலுக்கு அண்டா வேண்டும் என்று அம்மா அவசரப்படுத்தினாள், அவள்மேல் பழி போடவில்லை, தொட்டியும் காய்ந்த மாதிரி இருந்தது, சாயங்காலமே தண்ணீர் நிரப்பி விட்டுவிட்டேன். அது சுற்றிச் சுற்றி மேலே வந்தது. புதுத் தொட்டியில் விளையாடுகிறது என்று நின்று சிரித்தேன், பாவி. விடிந்து பார்த்தால் மல்லாந்து மிதக்கிறது. பக்கத்து வீட்டு இருசப்பன் வந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, இன்னா மாமா, பத்து நாளு தண்ணிய மாத்தி மாத்தி ஊத்திட்டு இல்ல வுடணும், சுண்ணாம்பு சுட்டுடுச்சே என்றான். நாற்பது வருஷமாகச் சுண்ணாம்பு நீற்றுகிற கை இது, பட்டால் எரியும் என்று எனக்குத் தெரியாதா. அன்றைக்குத் தோன்றவே இல்லை. கிணற்றோரம் வாழையடியில் என் பழைய வேட்டியில் சுற்றிப் புதைத்தேன். அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்து ஒரு பிடி பொரி போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொங்கலன்று நீ கூப்பிட்டபோது படம் காட்ட டவர் இல்லை என்றேன். அடுத்த ஞாயிறு, செவலை தொட்டியில் அல்லி இலைக்கு அடியில் படுத்திருக்கிறது என்றேன். முந்தாநாள் போனில் சார்ஜ் இல்லை என்று அம்மாவைச் சொல்ல வைத்தேன். அதே மாதிரி ஒன்று வாங்கி விட்டுடு என்று இருசப்பன் சொன்னான், கடைவரை போனேன், உன்னிடம் இன்னொரு பொய் சொல்ல மனசு வராமல் திரும்பிவிட்டேன்.

புள்ளலூர் மாப்பிள்ளையை வேண்டாம் என்று நீ வேலைக்குக் கிளம்பிய அன்று நான் பேசியது தப்பு. அதற்கப்புறம் இரண்டு வருஷமாக நீ அம்மாவிடம்தான் பேசுகிறாய், கடைசியில் நைனாவ செவலய காட்டச் சொல்லு என்பாய், நான் போனைத் தொட்டிமேல் பிடித்துக்கொண்டு நிற்பேன். சாப்ட்டியா என்று நீ மீனைக் கேட்பாய், சாப்ட்டுச்சு என்று நான் சொல்வேன். நமக்குள் அவ்வளவுதான் பேச்சு. அதையும் நானே கெடுத்துக்கொண்டேன், இனிமேல் நீ என்னைக் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் பதினைந்து நாளாக ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சோறு இறங்கவில்லை.

அங்கே குளிர் அதிகமாமே, வெந்நீரே குடி, பாங்கியில் வேலை இருக்கிறது என்று பகல் சாப்பாட்டைத் தள்ளாதே. குலதெய்வம் உன்னை எப்போதும் நல்லபடி வைத்திருக்க வேண்டும். ஞாபகமாகச் சொல்கிறேன், கடிதம் கிடைத்ததும் அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, என் நம்பருக்கே போன் பண்ணி எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பண்ணாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் நைனா
பஞ்சாட்சரம்