பதினொரு நாள் ஆப்சென்ட்

அட்டுவம்பட்டி
நவம்பர் 23, ஞாயிறு

அன்பு மகள் அஸ்ஃபியாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் நலம், நீயும் அந்தக் குளிர் நாட்டில் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். இந்த வரியை எத்தனையோ கடிதங்களில் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன், இன்று யோசித்துத்தான் எழுதினேன். இன்றைக்கு நலம் என்பது உண்மை, போன மாதம் நலம் என்று உனக்கு அனுப்பியது உண்மை இல்லை. வியாழக்கிழமை நீ போன் செய்தபோதே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரை வந்தது, நீ அத்தனை சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாய், என்னால் முடியவில்லை. எழுதினால் பாதியில் நிறுத்த முடியாது என்றுதான் தாளை எடுத்தேன். தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை, எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, உன் ஆராய்ச்சிக்காக நான் தினமும் அளக்கும் நம் வீட்டு மழைமானியில் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர், ஆனால் கீழே ஓடையில் நீ வைத்துவிட்டுப் போன கருவியில் தண்ணீர் இரண்டு விரல்கூட ஏறவில்லை, அவ்வளவு மழையும் எங்கத்தா போச்சு என்று கேட்டாய். சோலைக்காட்டு மண் குடித்திருக்கும், இதை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம், ஐந்தாம் தேதி பேராசிரியரிடம் காட்டப் போகிறேன் என்றாய். காட்டாதே அம்மா. அந்த மழையை எந்த மண்ணும் குடிக்கவில்லை. அது நான் எழுதிய மழை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பதறாமல் படி. அக்டோபர் பதினான்காம் தேதி விடியற்காலையில் மூச்சு விட முடியவில்லை. இரண்டு நாளாகக் காய்ச்சல் இருந்தது, சளிதான் என்று கசாயம் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் பால் கொண்டு வந்தவள் என்னைப் பார்த்ததும், ஏங்க வெரசா வாங்க, சார் ஒரு மாதிரியா கெடக்காருன்னு கத்தினாள். அவள் கணவர் பொன்னுவேல் ஜீப்பில் போட்டு வத்தலக்குண்டுக்கு இறக்கினார். நிமோனியா என்றார்கள், பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். உனக்கு அது தேர்வு வாரம். அம்மா மவுத்தானபோது படிப்பை விட்டுவிட்டு இங்கேயே இருக்கிறேன் என்று ஆறு மாதம் நின்றவள் நீ, இந்த முறை வந்தால் திரும்பிப் போகமாட்டாய் என்று பயந்தேன். அதனால் படுக்கையில் இருந்தபடியே, இங்கே நல்ல மழை, டவர் சரியில்லை, அளவெல்லாம் நோட்டில் இருக்கிறது, பிறகு அனுப்புகிறேன் என்று ஒரு பொய்யை அனுப்பினேன்.

ஊர் திரும்பியதும் முதலில் மழைமானியைத்தான் பார்த்தேன். பதினொரு நாள் மழையும் மொத்தமாகக் குப்பியில் நிற்கும், நாள்வாரியாக இல்லாவிட்டாலும் மொத்தத்தையாவது உனக்குக் கொடுக்கலாம் என்று நம்பியிருந்தேன். குப்பி பளபளவென்று இருந்தது. அழுக்காக் கெடந்துச்சு சார், கொசு வேற, சோப்புப் போட்டு வெளக்கிக் கவுத்தி வச்சிட்டேன் என்றாள் கந்தம்மாள். நன்றி சொல்வதா அழுவதா என்று தெரியவில்லை. தினமும் அவள்தான் என் வீட்டில் விளக்குப் போட்டிருக்கிறாள், அவளை என்ன சொல்ல. எந்தெந்த நாள் மழை என்று கேட்டேன். தீபாவளிக்கு முந்தின நாள் ஊத்தித் தள்ளிருச்சு சார் என்றாள். ஊத்தித் தள்ளியதற்கு நாற்பத்திரண்டு, சாரலுக்கு மூன்று, நசநசவென்று இருந்ததற்கு ஏழு என்று நானே மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை பொன்னுவேலிடம் அந்த மழையைப் பற்றிக் கேட்டேன். ஏ புள்ள, அது போன வருசத் தீபாவளிடி என்று மனைவியைப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லப்போவதில்லை, ஆனாலும் முப்பத்தி நாலு வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்கு உதாரணம் சொல்லாமல் தீராது. ஒரு அரையாண்டுத் தேர்வில் பொன்னுத்தாய் என்ற பெண்ணுக்குக் கணக்கில் பூஜ்யம் என்று எழுதிவிட்டேன். அவள் தேர்வுக்கே வரவில்லை, ஆப்சென்ட் என்று எழுத வேண்டிய கட்டம். அவள் அப்பா பூம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தார், கையெல்லாம் பூண்டு வாசனை. எம்புள்ள வரவே இல்ல, அவளுக்கு ஒண்ணுமே தெரியலன்னு நீங்க எப்படிங்க எழுதலாம் என்று கேட்டார். பூஜ்யத்தை அடித்துவிட்டு ஆப்சென்ட் என்று திருத்தினேன். அவளுக்காவது பூஜ்யம்தான் போட்டேன், இப்போது வராத நானே எனக்கு நாற்பத்திரண்டு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பயந்தது உன் படிப்புக்காக மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தானாக அளந்து தானாக அனுப்பும் கருவி வாங்கித் தருகிறேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம் அத்தா என்று ஜூலையில் சொன்னாய். நோட்டில் பதினொரு நாள் காலியாகக் கிடந்தால் மறுநாளே கருவி வந்துவிடும் என்று தோன்றியது. அது சிரமம் இல்லை அம்மா. எட்டரைக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு போய் அளந்து, எழுதி, உனக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பேன். நீ எழுந்து சரி அத்தா என்று பதில் போட இங்கே பன்னிரண்டரை ஆகும், அதன் பிறகுதான் சோற்றுக்கு உலை வைப்பேன். மூன்று மணிக்கெல்லாம் மேகம் இறங்கி வாசல் கேட்டை மறைத்துவிடும். சில நாள் என் குரலே எனக்கு இருமலில்தான் கேட்கும். பழனியிலிருந்து உன் மாமா மகன் ரஷாத் வந்து, கீழே எங்களோட வந்து இருங்க மாமா என்று கூப்பிடுகிறான், கடையில் உட்கார்ந்தால் நாலு பேரோடு பேசலாமாம். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், மழைமானியை யார் பார்ப்பது என்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

கருவியை அனுப்பு அஸ்ஃபியா. நீ படிப்பது என் பொழுதுபோக்குக்காக இல்லை. அது வந்தால் என் மழைமானிப் புனலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தச் சொல்கிறேன், நானும் அளப்பேன், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று நீ பார். பதில் போட நேரமில்லாத நாளில் போடவேண்டாம் என்று எழுதலாம்தான், ஆனால் இந்தக் கடிதத்தில் இன்னொரு பொய் வேண்டாம்.

பேராசிரியரிடம் உள்ளதைச் சொல், அளந்தவர் என் அத்தா, அவர் தவறு செய்தார் என்றே சொல். என் உடம்புக்காக டிக்கெட் எடுக்காதே, மாத்திரை தீர்ந்துவிட்டது, மருத்துவர் திருப்தி என்றார். மழையில் சைக்கிளில் போனால் ஈரக் காலுறையோடு வகுப்பில் உட்காராதே, நெஞ்சுச் சளி எப்படி ஆரம்பிக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக. மறக்காமல் அக்டோபர் 14 முதல் 24 வரை என் எண்களை எல்லாம் அழித்துவிடு, பூஜ்யம் போடாதே, ஆப்சென்ட் என்று போடு.

இன்று காலை எட்டரைக்கு அளந்தேன். மழை 0.0. இது நின்று பார்த்து எழுதிய பூஜ்யம்.

உள்ளேன் அம்மா,
உன் அத்தா
மு. ஒலியுல்லா